ரிம் தாங்குகிற காற்று

ஏப்ரல் 20, ஞாயிறு

டிரெய்லர் வீட்டுக்கு வந்துவிட்டது. வந்தது என்ன, தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. எதிர்வீட்டு அம்மாள் ஸ்கூட்டரை எடுக்க முடியாமல் என்னை முறைத்துவிட்டுப் போனாள். முறைக்கட்டும்.

தரணியின் மூச்சைப் பற்றித் தினம் இரண்டு வரி எழுதி வையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதால்தான் இந்த நோட்டு. இரண்டு வரியில் எனக்கு எதையும் சொல்லத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன், வேண்டியதை அவர் பொறுக்கிக்கொள்ளட்டும்.

தரணி என் ஒரே மகன். இருபத்திரண்டு வயது. பிறவியிலேயே தசை நோய். பத்து வயதில் நடை நின்றது. இப்போது கழுத்தும் வலது கை விரல்களும்தான் அவன் பேச்சைக் கேட்கின்றன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. படுத்தால் மூச்சு போதாது, மூக்கில் மாஸ்க் வைத்து மெஷின் காற்றைத் தள்ள வேண்டும்.

மே 11 யாசருக்குக் கல்யாணம். யாசர் பக்கத்துத் தெருப் பையன், பூர்வீகம் பள்ளப்பட்டி. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாடி வகுப்புக்குத் தரணியை முதுகில் சுமந்து போனவன். பெண் வீடு கோத்தகிரி, நிக்காஹ் அங்கேதான். பத்திரிகையைத் தரணி மடியில் வைத்துவிட்டு, "மேடையில நீ எம்பக்கத்துல இருக்கோணும்டா. இல்லீனா நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்கத் தரணி பேசவில்லை. அவன் பேசாமலிருந்தால் ஆசைப்படுகிறான் என்று அர்த்தம்.

எப்படிக் கூட்டிப்போவது? லாட்ஜ் கக்கூஸ் வாசலில் வீல்சேர் நுழையாது. ஏற்றி இறக்க ஆள் வேண்டும். கண்டவர்கள் தூக்க நான் விடமாட்டேன். இரண்டு வருடம் முன்பு ஒரு விசேஷத்தில் 'நாங்க பாத்துக்கறோம்' என்று நாலு பேர் தூக்கி, அவன் தோள்பட்டை பிசகிவிட்டது. அதற்குப் பிறகு அவனைத் தொடுவது நான்தான். நான் இல்லாவிட்டால் இவர், என் வீட்டுக்காரர்.

அதனால்தான் இவர் டிரெய்லர் கட்டினார். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் காலமெல்லாம் ஃபிட்டராக இருக்கிறவர், சும்மாவா. கட்டில், கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி, மெஷினுக்குப் பேட்டரி, தரணியைத் தூக்கிக் கட்டிலில் இறக்கக் கப்பி வைத்த தூளி, எல்லாம் உண்டு. எங்கள் பழைய ஜீப்பின் பின்னால் கோத்து இழுக்க வேண்டியதுதான். ஓடும்போது தரணி ஜீப் முன்சீட்டில், நின்றால் டிரெய்லரில். சக்கரங்கள், அவனை ஸ்கூலுக்குக் கொண்டுபோன வேனுடையவை. வேனை விற்றபோது ரிம்மோடு கழற்றி வைத்திருந்தார்.

தரணி அதற்கு நத்தை என்று பேர் வைத்துவிட்டான். "வீட்டையே முதுகுல கட்டிட்டு வர்ற ஆளு நீதாம்மா" என்கிறான்.

மூச்சு: சரி.

ஏப்ரல் 21, திங்கள்

தூளியில் தரணியை ஏற்றி இறக்கிப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது. எனக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏப்ரல் 23, புதன்

மாயனூர் கதவணை வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்று காலையில் கிளம்பினோம். தண்ணீர்த் தொட்டி நிறைய, பேட்டரி, மெத்தை, பாத்திரம் என்று எல்லாம் ஏற்றித்தான். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. அங்கே இறங்கி நான் சும்மா டயரில் கை வைத்தேன், சுட்டது. வெயில் சூடு வேறு, இது வேறு. சுற்றி வந்து பார்த்தால் இடது டயரின் பக்கவாட்டில் ஒரு வீக்கம், கோலிக்குண்டு அளவு. ஏற்றுமதிக் கம்பெனியில் பெட்ஷீட் செக்கிங் பார்த்தவள் நான். ஒரு நூல் இழுத்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்றேன்.

இவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "சித்த ஆறட்டும், போயிக்கலாம்" என்றார்.

"ஆறினா வீக்கம் வத்தீருமாங்க? டயருக்கு என்ன காய்ச்சலா?"

தரணி ஜீப்புக்குள் இருந்தபடியே போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னான். பார்த்துவிட்டு, "இது வெடிக்கறதுக்கு முன்னாடி விடற நோட்டீசுப்பா" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் ஜீப் மாட்டுவண்டி வேகத்தில் உருண்டது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் எங்களைத் திட்டாத திட்டு இல்லை. நான் கண்ணாடியில் அந்தச் சக்கரத்தைப் பார்த்தபடியே வந்தேன். ஒருமுறைகூடக் கண்ணை எடுக்கவில்லை.

இது மலையில் நடந்திருந்தால்? வேண்டாம், எழுதவேண்டாம்.

ஏப்ரல் 24, வியாழன்

டயர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். டிரெய்லரின் அடியில் தலையைவிட்டுப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தார்.

"ஏனுங்க, இதுல எத்தன பேரு உக்காரப்போறாங்க? அம்பது சீட்டா?"

விஷயம் இதுதான். இவருக்கு வேறு எதுவும் கட்டத் தெரியாது. பஸ்ஸுக்குப் போடுகிற இரும்பையே கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் போட்டிருக்கிறார். அடிச்சட்டம், குறுக்குச்சட்டம், மேல்கூரை எல்லாமே பஸ் கணக்கு. ஒருத்தன் படுத்துக்கொள்ள, அறுபது பேர் தொங்கினாலும் தாங்குகிற வண்டி. அந்தச் சுமைக்குச் சாதாரண கார் டயர்.

"எம்பையன் படுக்கறதுங்க. லேசா கட்ட மனசு வல்லீங்க" என்றார் இவர் கடைக்காரரிடம்.  திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

லோடு வண்டிக்குப் போடுகிற, அடுக்கு அதிகமுள்ள டயராக இரண்டு மாற்றிவிடலாம் என்று முடிவு.

ஏப்ரல் 26, சனி

புது டயர் மாட்டியாயிற்று. கனமான டயர், பார்க்கவே தைரியமாக இருக்கிறது. பக்கவாட்டில் அச்சடித்திருந்த எழுத்தைத் தரணி வாசித்துச் சொன்னான். எண்பது பவுண்டு வரைக்கும் காற்று தாங்குமாம்.

"எவ்வளவு வெக்கட்டுங்க?" என்றார் கடைக்காரர்.

இவர் வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன், "எண்பது வெய்ங்க. தாங்குமுன்னு அவனே எழுதியிருக்கான்ல. கொறச்சு வெச்சு மறுபடி வயிறு தள்ளிட்டு நிக்கறதுக்கா?"

எண்பது வைத்தார். குழாயை எடுத்தபோது டயர் கல் மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தேன், டங் என்றது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ரிம்முக்கு இவர் தன் கையாலேயே சில்வர் பெயிண்ட் அடித்தார். வேன் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அடிப்பார், அதே பழக்கம். நான் ஒவ்வொரு ரிம்முக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கினோம். எதிர்வீட்டு அம்மாளுக்கும் ஒரு பழம் கொடுத்தேன், முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

தரணி போனை வைத்துக்கொண்டு எந்தெந்த நாட்டுக்காரனோ டிரெய்லர் இழுப்பதைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறான். சாப்பாடு ஊட்டும்போது கேட்டான்.

"ம்மா, டயர்ல எண்பதுன்னு போட்டிருக்குது. ரிம்முல எவ்வளவுன்னு போட்டிருக்குது?"

"ரிம்முக்கு என்னடா? அது இரும்பு."

"அதுக்கும் ஒரு லிமிட் இருக்குதாம். டயர் தாங்கினா பத்தாது, ரிம்மும் தாங்கோணும். ரெண்டுல எது கம்மியோ அதான் கணக்கு. அதுல அச்சடிச்சிருப்பாங்களாம். அப்பாவ பாக்கச் சொல்லு."

இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணும் தெரியல சாமி. பெயிண்ட் நெறைய ஏறிக் கெடக்குது. வேணுமின்னா சொரண்டிப் பாக்கறேன்."

நான் விடவில்லை. சனிக்கிழமைதான் பூஜை போட்டு சந்தனம் வைத்தது. அது காய்வதற்குள் யாராவது சக்கரத்தைச் சுரண்டுவார்களா? "வேன்ல பத்து வருசம் ஓடுச்சு, ஒண்ணும் ஆவல. போட்டது போட்டபடி இருக்கட்டுமுங்க" என்றேன். இவர் சரி என்றார். இவர் எப்போதும் சரி என்பார்.

தரணி அடுத்த வாய்க்கு வாயைத் திறக்கவில்லை. பாதிச் சோறு மிச்சம்.

மே 1, வியாழன்

நேற்றுத் தரணி சரியாகத் தூங்கவில்லை. கல்யாண நினைப்பு, மாஸ்க்கோடேயே பேசிக்கொண்டிருந்தான். மூச்சு மேலே மேலே வாங்குகிற மாதிரி எனக்குப் பட்டது. மெஷினில் காற்றின் அழுத்தம் பதினாலு இருந்தது. கொஞ்சம் கூட்டினேன். கொஞ்சம்தான்.

காலையில் வயிறு உப்பி, கண் சிவந்து கிடந்தான். காற்று வயிற்றுக்குள் போய்விட்டதாம். ஒரு இட்லிகூட இறங்கவில்லை.

மே 2, வெள்ளி

டாக்டரம்மாவிடம் போனோம். மெஷினை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பதினெட்டு யாரு வெச்சது?"

சொன்னேன்.

"காத்து ஜாஸ்தி வெச்சா மூச்சு ஜாஸ்தி வரும்னு யாரும்மா சொன்னா? அவரு உடம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் குடுக்கணும். பதினாலு. அதுக்கு மேல போனா நல்லது இல்ல, கெடுதல்." பிறகு என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன வீக்கம்? நீங்க கடைசியா எப்ப முழுசா தூங்குனீங்க?"

கேட்கிற கேள்வியைப் பார். வந்தது அவனுக்காக. என் கையைப் பற்றி யார் கேட்டார்கள்?

மலைக்குப் போகலாமா என்று தரணி கேட்டான். போகலாம், படுக்கும்போது மெஷின் விடாமல் வேண்டும், அவ்வளவுதான் என்றார். தரணி சிரித்தான். நான் தலையாட்டினேன். போகவேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பார்த்தேன், சொல்லவில்லை.

மூச்சு: பதினாலில் சரியாக இருக்கிறது.

மே 6, செவ்வாய்

மெஷினில் எண் பதினாலுதானா என்று போய்ப் போய்ப் பார்க்கிறேன். அப்படியே டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். இரண்டும் நான் வைத்த இடத்திலேயே நிற்கின்றன.

மே 9, வெள்ளி

விடிந்ததும் கிளம்பினோம். காங்கேயத்தில் டீ. அவிநாசி தாண்டும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. மேட்டுப்பாளையம் வந்து, உருளைக்கிழங்கு மண்டி ஒன்றின் பக்கத்தில் புளியமர நிழல் இருந்தது. அங்கே நிறுத்தினோம். சாப்பிட்டு, தரணியைக் கொஞ்சநேரம் படுக்கவைத்து, வெயில் தாழ மலையேறுவது என்று திட்டம். நாளை முழுக்க ஓய்வு, ஞாயிறு காலை நிக்காஹ்.

டிரெய்லரில் தூளி கட்டித் தரணியைக் கட்டிலில் இறக்கினேன். மாஸ்க் வைக்கப் போனேன்.

"சித்த இரும்மா. பேசாத" என்றான். கண்ணை மூடிக்கொண்டான். "மாஸ்க் லீக்காகுது."

"இன்னும் வெக்கவே இல்லியேடா."

"அதான். மாஸ்க் இல்ல. ஆனா அதே சத்தம். கீழ இருந்து."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மண்டியில் மூட்டை இறக்குகிற சத்தம்தான் கேட்டது. ஆனால் அந்தச் சத்தத்தை அவனைப்போல அறிந்தவர் யாருமில்லை. ஐந்து வருடமாகத் தினமும் அவன் காதுக்குப் பக்கத்தில் அது கேட்கிறது. இறங்கிப்போய் இவரைக் கூப்பிட்டேன். சோப்புத் தண்ணீர் கரைத்து இடது சக்கரத்தில் ஊற்றினார். வால்வில் குமிழ் இல்லை. டயரில் இல்லை. ரிம்மின் வளைவில், பெயிண்டுக்கு மேலே, சின்னச் சின்னதாக வரிசையாகக் குமிழ் வந்தது.

சமையல் கத்தியை எடுத்து வந்து நானே உட்கார்ந்து சுரண்டினேன். மேலே போன மாதம் நான் வைத்த சந்தனம். அதன் கீழே சில்வர். அதன் கீழே காய்ந்து தகடாய்ப் போன பழைய சந்தனம், மறுபடி சில்வர், மறுபடி சந்தனம். ஒவ்வொரு வருடமும் நான் வைத்த சந்தனத்தைத் துடைக்க மனசில்லாமல் இவர் அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரும்பு வந்தது. அதில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், விரல் நீளத்துக்கு. விரிசலுக்குக் கொஞ்சம் தள்ளிப் புடைத்த எழுத்து. இங்கிலீஷில் மேக்ஸ் என்று, பக்கத்தில் ஐம்பது.

எண்பது அல்ல. ஐம்பது.

அந்த ரிம்முக்குள் எண்பதை அடைத்து, சித்திரை வெயிலில் ஓட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். ஓட ஓட உள்ளே காற்று இன்னும் ஏறியிருக்கும். மலையில் ஒரு வளைவில் அந்த விரிசல் வாய் பிளந்திருந்தால், பின்னால் இழுபடுகிற பஸ் கனம் ஜீப்பை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்? முன்சீட்டில் பெல்ட்டில் கட்டி உட்காரவைத்திருக்கிறேனே அவனை.  கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

இவர் முதலில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார். பிறகு விரிசலைத் தடவிப் பார்த்து, "பக்கத்துல வெல்டிங் கடை இருக்குது. ஒரு பத்து நிமிச வேல" என்றார்.

உள்ளேயிருந்து தரணி கத்தினான். "அப்பா, ரிம்முக்கு வெல்டு வெக்கக்கூடாது. சூட்டுல இரும்பு இன்னும் பலம் போயிரும்."

ஸ்டெப்னி இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது பழைய கார் டயர், ரிம்மும் அதே ஐம்பதுதான். இந்தச் சுமையை அது மலையேற்றாது. கடைகளில் விசாரித்தோம். எண்பது தாங்குகிற ரிம் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும், திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். டிரெய்லருக்கு முன்னால் தாங்குகால் கிடையாது, ஜீப்பைக் கழற்றினால் குப்புறச் சாயும், அதனால் ஜீப்பில் மட்டும் ஏறிப்போகவும் வழியில்லை.

அப்போது நான் சொன்னேன், "சரி, நடக்கறதெல்லாம் நல்லதுக்குத்தான். ஸ்டெப்னிய மாட்டி, தண்ணியெல்லாம் எறக்கி, பையப் பைய வீடு போய்ச் சேரலாமுங்க. யாசருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

என் குரலில் சந்தோஷம் இருந்தது என்கிறான் தரணி. அபாண்டம்.

"நீ மொதல்ல இருந்தே இதுக்குத்தான் காத்திட்டிருந்த" என்றான். "டாக்டரு வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு பாத்த. சொல்லல. இப்ப ரிம்மு சொல்லிருச்சு."

"உன் உசுருக்குடா பாக்கறேன்."

"அதான். டயருக்கும் எண்பது, மெஷினுக்கும் பதினெட்டு. எல்லாத்துலயும் அதிகமா வெக்கற. எனக்கும் ஒரு நம்பர் இருக்குதும்மா. நீதான் பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்ட."

இவர் டிரெய்லர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இந்தமுறை எனக்குச் சரி என்று சொல்லவில்லை.

நான் பாத்திரம் கழுவப் போனேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

மே 10, சனி

காலையில் தரணி என்னோடு பேசவில்லை. பல் தேய்த்துவிட்டேன், முகம் துடைத்தேன், இட்லி ஊட்டினேன். வாயைத் திறந்தான், மூடினான். வேறொன்றும் இல்லை.

பத்து மணிக்கு மேல் இவரிடம் சொன்னான். யாசருக்கு அவனே போன் பண்ணிவிட்டானாம். யாசர் கார் எடுத்துக்கொண்டு கீழே வருகிறானாம். மெஷின், பேட்டரி, வீல்சேர் காரில் ஏறும். பெண் வீட்டார் கீழ்த்தளத்தில் ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறார்கள். தூக்க யாசரும் கூட்டாளிகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

"நானும் அதுலயே வந்தர்றேன்" என்றேன்.

"ஒரு சீட்டுதாம்மா காலி. நீயும் அப்பாவும் நாளைக்குக் காலையில பஸ்ஸுல வாங்க" என்றான். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "இன்னைக்கு ஒரு நாளு நான் மட்டும் போறேன். அவனுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாளு. எனக்கும்தான்."

நான் என்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிமுடித்துக் கீழே இறங்கும்போது கண்ணைக் கட்டியது. படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில்தான். இவர் பார்த்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வசந்தாமணி, உக்காரு" என்றார். இவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று. உட்கார்ந்தேன்.

"அவன விட்டுப்போட்டு என்னால இருக்க முடியாதுங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். "உன்னால முடியாதது வேற ஒண்ணும் இருக்குது. இப்படியே இன்னும் ஓட முடியாது. அதையும் பாரு."

மத்தியானம் யாசர் வந்தான். மாப்பிள்ளைக் களையே இல்லை, கசங்கின சட்டை, வளைவில் வேகமாக வந்து கூட வந்த ஒருத்தனை வாந்தி எடுக்க வைத்திருக்கிறான். நேராக வந்து சக்கரத்தைப் பார்த்தான். விரிசலைத் தொட்டான். எழுந்து என் முன்னால் வந்து நின்றான்.

"எப்படித் தூக்கோணும்னு காட்டுங்கம்மா. ஸ்கூல்ல தூக்கினேன். அது அப்போ. இப்போ நீங்க சொல்றபடி தூக்கறேன்."

காட்டினேன். வேறென்ன செய்ய. அக்குளில் கை போடக் கூடாது. ஒரு கை முழங்காலுக்கு அடியில், ஒரு கை முதுகில். கழுத்தை உன் தோளில் சாய்த்துக்கொள். நீ மூச்சு இழுத்துக்கொண்டு தூக்கு, அவனை மூச்சு விடச் சொல். தூக்கினான். தோள் பிசகவில்லை, தலை தொங்கவில்லை. காரில் உட்காரவைத்து பெல்ட்டைக் கோத்தான். தரணி அவன் காதில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் பன்னிரண்டாவது படிக்கிற காலத்தில் சிரித்த மாதிரி சிரித்தார்கள்.

மெஷினைக் காட்டினேன். மாஸ்க் பட்டை எவ்வளவு இறுக்கம், தண்ணீர்த் தட்டில் எவ்வளவு தண்ணீர், எல்லாம்.

"யாசர், இது முக்கியம். படுத்ததுக்கப்புறம் அவனுக்கு மூச்சு வாங்கற மாதிரி உனக்குத் தோணும். தோணத்தான் செய்யும். கை தானா போகும், கூட்டலாம்னு. கூட்டீறாத. பதினாலு. அதுக்கு மேல ஒரு பாயிண்டுகூட அவனுக்கு ஆகாது."

"பதினாலுங்கம்மா."

"மறந்துருவ. நாளைக்குக் கல்யாணத்த வெச்சுட்டு உனக்கு எது ஞாபகம் இருக்கும்? கையக் குடு."

பேனாவால் அவன் உள்ளங்கையில் எழுதினேன். மணிக்கட்டு வீக்கத்தில் பேனா நிற்கவில்லை, நாலின் வால் கோணிக்கொண்டு போனது. தரணி பார்த்துக்கொண்டே இருந்தான்.

கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கச் சொல்லி, "சாப்புடும்மா" என்றான். நான் சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிட்டுப் போகிறான்.

சாயங்காலம். டிரெய்லரில் அவன் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பஸ் இரும்பு, அசையவே இல்லை. தூளி சும்மா தொங்குகிறது. அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சம் படுக்கிறேன்.

மே 11, ஞாயிறு

விடிந்துவிட்டது. சாயங்காலம் படுத்தவள், நடுவில் ஒருமுறைகூட விழிக்கவில்லை. இவர் எழுப்பித்தான் எழுந்தேன். எழுந்ததும் ஒரு நிமிடம் பயந்து போனேன், மெஷின் சத்தம் இல்லையே என்று. பிறகுதான் ஞாபகம் வந்தது.

மண்டிக்காரர் டிரெய்லரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் பஸ்ஸில் கோத்தகிரி ஏறினோம். ஒவ்வொரு வளைவுக்கும் நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "நம்ம வண்டிய அடுத்த வருசம் லேசா கட்டிப்போடலாம்" என்றார்.

மண்டபத்தில் பெண்கள் பக்கம் என்னை உட்காரவைத்தார்கள். அங்கிருந்து மேடை முழுசாகத் தெரியவில்லை. எட்டி எட்டிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த பெண் சிரித்துக்கொண்டே தன் நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம் விட்டாள். தெரிந்தது. யாசர் தலையில் பூ, பக்கத்தில் வீல்சேரில் தரணி. வெள்ளைச் சட்டை. அதை நான் எடுத்து வைக்கவில்லை, யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காலர் சரியாக மடிந்திருந்தது. நான் மடித்துவிடாமலே.

எல்லாம் முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டிருக்கும்போது யாசர் எங்களைத் தேடி வந்தான். இவரைக் கட்டிக்கொண்டான். என்னிடம் வந்து வலது கையை விரித்துக் காட்டினான்.

உள்ளங்கை முழுக்க மருதாணி. நட்ட நடுவே, சுற்றி ஒரு பூகூட இல்லாமல், சிவக்கச் சிவக்கப் பதினாலு. நாலின் வால் கோணலாக, நான் எழுதியபடியே.

"பேனால எழுதினது கை கழுவினா போயிருமுங்கம்மா. பொண்ணுங்க மருதாணி வெச்சிட்டிருந்தாங்க. அது மேலயே வெச்சு விடச் சொல்லிட்டேன். அவங்க வீட்டுல எல்லாரும் கேக்கறாங்க, பதினாலுன்னா என்னன்னு."

"என்ன சொன்ன?"

"எங்கூட்டாளி நம்பருன்னு சொன்னேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனசில்லாமல் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம். கல்யாண வீட்டில் யார் அழவில்லை?

தரணி தூரத்திலிருந்து என்னைப் பார்த்தான். நான் அவனிடம் போகவில்லை. வந்து பிரியாணி சாப்பிடச் சொல்லி விரலால் காட்டினான். போய்ச் சாப்பிட்டேன்.

மூச்சு: சரி. நான் பார்க்கவில்லை. யாசர் சொன்னான்.